கீரை பூத்த நிலம்

டயர் கடைக்கும் தொழிற்சாலை மதிலுக்கும் நடுவே ஒரு நீளத் துண்டு நிலம். அகலத்தில் இரண்டு லாரி நிறுத்தலாம், அவ்வளவுதான். நீளம் மட்டும் சாலையிலிருந்து பின்னால் கால்வாய் வரைக்கும் போகும். அந்தத் துண்டில்தான் கீரையக்காவும் அவள் வீட்டுக்காரரும் கல்யாணமான புதிதிலிருந்து கீரை போட்டுப் பிழைத்து வந்தார்கள். நிலம் சொந்தமில்லை, குத்தகைதான். ஆனால் அதில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த இடத்தில் மதில் நிழல் விழுந்து விதை சோம்பல் முறித்துக்கொண்டு முளைக்கும் என்பதெல்லாம் நிலத்துக்குச் சொந்தக்காரரைவிட இவர்களுக்கே அத்துப்படி.

கீரையக்கா என்பது சந்தை வைத்த பெயர். விடியும் முன்பே கீரையைப் பிடுங்கி, வேரை அலசி, நாரால் கட்டுப் போட்டு, ஈரச் சாக்கில் சுற்றி மூன்று சக்கர வண்டியில் ஏற்றினால், வெற்றிலை போட்டு மெல்வதற்குள் சந்தை வந்துவிடும். அவள் கடை விரிக்கும்போது இலையில் ஈரம் உலர்ந்திருக்காது. "இப்பத்தான் பிடுங்கினதா?" என்று யாராவது கேட்டுவிட்டால், "மண்ணு இன்னும் அழுதுட்டு இருக்கு, வேணும்னா போய்ப் பாருங்க" என்பாள். வெயில் ஏறுமுன் சாக்கை உதறி மடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

அந்த நிலத்துக்கு ஓய்வென்பதே கிடையாது. காலையில் காலியான பாத்தியைச் சாயங்காலமே கொத்திவிட்டு மறுபடி விதைத்துவிடுவார் வீட்டுக்காரர். ஊருக்குள் இருக்கிற நிலமென்றால் சும்மாவா? அதற்குக் கொடுக்கிற குத்தகைக்கு அதுவும் ஓடியாடி உழைத்தாக வேண்டும். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, சிவப்புத் தண்டுக்கீரை, பச்சைத் தண்டுக்கீரை என்று மாற்றி மாற்றிப் போடுவார். கொஞ்சம் கட்டையான மனிதர், பேச்சும் குறைவு. ஆனால் கீரை விஷயத்தில் மட்டும் வாய் நீளம். "கீரைன்னா என் கீரை. மத்தவன் போடறது புல்லு" என்பார். அதைச் சொல்லும்போது மீசை இல்லாத மேலுதட்டை ஒரு தடவு தடவிக்கொள்வார்.

அவர்கள் வந்த புதிதில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அடுக்குமாடி வீடுகள் எழும்பியதும் பால்காரர் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போனார். போன இடத்திலும் வீடு வந்து, இன்னும் தள்ளிப் போனார் என்று கேள்வி. அதைக் கேட்டுக் கீரையக்கா உச்சுக்கொட்டினாளே தவிர, அடுத்த முறை தன் வீட்டுக்கு வரும் என்று நினைக்கவில்லை.

வந்தது. நிலத்துக்காரர் ஒருநாள் கையில் பழப்பையோடு வந்து நின்றார். பழத்தோடு வந்தபோதே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நல்ல மனிதர்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். நிலத்தை விற்றாயிற்று, அங்கே ஆறு மாடிக் கட்டடம் வரப்போகிறது. நிற்கிற கீரையை விற்றுக்கொள்ள அவகாசமும், வேறு இடம் பார்க்கக் கணிசமான பணமும் கொடுத்தார். வீட்டுக்காரர் அந்தப் பழத்தைத் தொடவே இல்லை. ஆறு மாடிக்கும் சேர்த்து அந்தப் பழத்தின் மேல்தான் கோபம்.

கீரையக்காவுக்கு ஒரு தம்பி உண்டு. சரக்கு வண்டி ஓட்டுகிறவன். மக்காச்சோள மூட்டையும் வெங்காய மூட்டையும் ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போய்வருவான். வாய்க்குள் எப்போதும் எதையாவது போட்டுக் கடித்துக்கொண்டே இருப்பான். விஷயம் கேள்விப்பட்டதும் ஓடிவந்தான்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? நான் லோடு ஏத்தற பக்கம் நிலம் கொட்டிக் கிடக்குது மாமா. இங்க குடுக்கற காசுக்கு அங்க கண்ணுக்கு எட்டற தூரம் வாங்கலாம். ஆளுதான் இல்ல."

"மண்ணு எப்படி மாப்ள?" என்றார் வீட்டுக்காரர்.

"மண்ணு மண்ணு மாதிரிதான் இருக்கு. எனக்கு என்ன தெரியும்? வந்து பாருங்க."

அடுத்த வாரமே மூன்று பேரும் வண்டியின் முன் சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பினார்கள். கீரையக்காவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ஊரின் கடைசி வீடுகள் தாண்டியதும் இரண்டு பக்கமும் கீரையும் கத்தரியும் பூக்களும் சின்னச் சின்னப் பாத்தியாக இருந்தன. அப்புறம் பால் கேன்கள் சாலையோரம் வரிசையாக நிற்கிற ஊர்கள் வந்தன. அதையும் தாண்டினால் விறகுக்கும் காகிதத்துக்கும் வளர்க்கிற மரத்தோப்புகள். பிறகு மக்காச்சோளம், மக்காச்சோளம், பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிற அளவுக்கு மக்காச்சோளம். கடைசியில் வேலி குறைந்து, வீடு குறைந்து, செம்மறி ஆடுகள் மட்டும் தரையோடு தரையாக அசைந்துகொண்டிருந்தன.

"ஏன்டா, பால் கேன் ஊருங்களுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர்கூடக் கீரை போடலையே?" என்றாள் கீரையக்கா.

"தெரியாது போல இருக்கு" என்றான் தம்பி.

"தெரியலைன்னா கத்துக் குடுத்துட்டாப் போச்சு" என்றார் வீட்டுக்காரர். அந்த நேரத்தில் அவர் முகத்தில் பழக்கோபம் போய் வேறொரு வெளிச்சம் வந்திருந்தது.

நிலத்தைப் பார்த்ததும் அந்த வெளிச்சம் இன்னும் கூடிவிட்டது. ஒரு சின்னக் குன்று, அதன் அடியில் நல்ல கிணறு, இரண்டு அறையும் தகரக் கூரை போட்ட முன்பக்கமும் உள்ள ஒரு வீடு, அதைச் சுற்றி மதிலே இல்லாத மண். வீட்டுக்காரர் ஒரு பிடி மண்ணை அள்ளி, நசுக்கி, முகர்ந்து, விரல் இடுக்கில் விட்டுப் பார்த்தார். "ஏம்மா, இந்த இடத்துல கீரை போட்டா ஊருக்கே போடலாம்" என்றார். கீரையக்கா தலையாட்டினாள். அவளுக்கும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மண் நல்ல மண், தண்ணீர் நல்ல தண்ணீர், அவர் கை நல்ல கை. வேறென்ன வேண்டும்? வந்த சாலையை இரண்டு பேரும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நிலத்தை வாங்கிக் குடிவந்தார்கள். முதல் விதைப்பு அமோகமாக வந்தது. கொத்தமல்லி பாய் விரித்த மாதிரி இருந்தது. காற்றடித்தால் வாசம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரே அக்கம்பக்கம் ஆட்டுக்காரம்மா. செம்மறி மந்தை வைத்திருக்கிற, தனியாக வாழ்கிற, ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. ஒரு சொல் போதுமென்றால் இரண்டாவது சொல்லைச் செலவழிக்க மாட்டாள். அவள் வந்து வரப்பில் நின்று பார்த்தாள்.

"யாருக்கு?" என்றாள்.

"டவுனுக்கு" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக.

அவள் சாலையை ஒருமுறை பார்த்தாள், கீரையை ஒருமுறை பார்த்தாள், ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் சுமையைச் சாயங்காலம் பிடுங்கினார்கள். ஈரச் சாக்கில் சுற்றி, மேலே தார்ப்பாய் போட்டு, தம்பியின் வண்டியில் ஏற்றினார்கள். கீரையக்கா கூடவே போனாள். வழியில் மக்காச்சோளம் ஏற்ற வண்டி நின்றது. அப்புறம் பாலம் வேலை என்று சுற்று வழியில் திருப்பிவிட்டார்கள். சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் பழைய இடத்தில் வேறொருத்தி பாதி விற்றுவிட்டாள். சரி, நம் கீரையைப் பார்த்தால் ஓடிவருவார்கள் என்று சாக்கைப் பிரித்தாள். உள்ளேயிருந்து ஆவி வந்தது. உண்மையாகவே ஆவி. கட்டுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, மஞ்சளும் கருப்புமாக, தொட்டால் விரலோடு வந்தன.

பழைய வாடிக்கைக்காரப் பெண்மணி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, நாங்க சிரமப்படக் கூடாதுன்னு நீயே வேக வெச்சுக் கொண்டாந்துட்டியா?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கீரையக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் திரும்பிச் சாக்கைக் கட்டும்போதுதான் கண் கலங்கியது.

வீட்டுக்காரர் விடுவதாக இல்லை. அடுத்த முறை ஐஸ் கட்டி வாங்கி நடுவில் வைத்தார். ஐஸ் பட்ட இலை கருகிப்போய், படாத இலை வெந்துபோய் வந்தது. அதற்கு அடுத்த முறை குளிர்சாதன வண்டி ஒன்றை விசாரித்தார். அவர்கள் கேட்ட வாடகையைக் கேட்டதும் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, அது கடித்துவிடும் என்பதுபோல் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தவர் படுத்தவர்தான். சாப்பாட்டுக்கு எழுந்தார், குளிக்க எழுந்தார். வயல் பக்கம் மட்டும் போகவில்லை.

கீரையக்காவின் மகள் கல்லூரி விடுதியில் தங்கிப் புவியியல் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. கீரையக்கா முன்பக்கத்துக்குப் போய் நின்றுகொண்டு, வீட்டுக்காரர் காதில் விழாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். சந்தையில் வந்த ஆவி, ஐஸ் கட்டி, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற மனிதர், ஒன்று விடவில்லை.

"அம்மா, திட்டக் கூடாது."

"சொல்லு."

"இதெல்லாம் எங்க பாடத்துலயே இருக்கும்மா. ஒரு டவுன் இருந்தா அதைச் சுத்தி வட்டம் வட்டமா விவசாயம் நடக்கும். சீக்கிரம் கெட்டுப்போறது, தினமும் கொண்டுபோக வேண்டியது எல்லாம் உள் வட்டத்துல. கீரை, பால் மாதிரி. அதுக்கப்புறம் கனமான சரக்கு, மரம். அதுக்கப்புறம் கெட்டுப்போகாத தானியம். கடைசில தானா நடந்து வர்ற ஆடு மாடு. தூரம் போகப் போக நிலம் மலிவு, ஆனா வண்டிச் செலவு ஜாஸ்தி. ரெண்டும் எங்க ஒத்துப்போகுதோ அங்கதான் அந்தப் பயிர் நிக்கும்."

கீரையக்காவுக்கு வண்டி ஜன்னல் ஞாபகம் வந்தது. பாத்தி, பால் கேன், தோப்பு, மக்காச்சோளம், செம்மறி. அட, அப்படியே சொல்கிறாளே!

"ஏன்டி, பாடத்துல இருக்குன்னா வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"பரீட்சைல அஞ்சு மார்க் கேள்விம்மா அது. நம்ம வீட்டுக் கேள்வின்னு எனக்கு எப்படித் தெரியும்? படிக்கறப்ப அந்த வட்டத்துக்குள்ள அப்பா நிப்பாருன்னு தோணவே இல்ல."

அதைச் சொல்லும்போது மகளின் குரல் கம்மியது. கீரையக்காவுக்கு உடனே மனசு இளகிவிட்டது. "சரி விடு. அழாத. இவ்வளவு பேரும் வண்டியில உக்காந்து பாத்துக்கிட்டே வந்தோம். எங்களுக்கே உறைக்கல. நீ பாவம், புஸ்தகத்துல பாத்தவ" என்றாள்.

"வேற பயிர் போடலாமில்ல? மக்காச்சோளம்?"

"உங்க அப்பாகிட்ட நீயே சொல்லிப் பாரு."

சொல்லிப் பார்த்தார்கள். மகள் சொன்னாள், தம்பி சொன்னான், கீரையக்கா சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள். எல்லாருக்கும் ஒரே பதில்தான், கீரையக்காவுக்கு மட்டும் ஒரு வரி கூடுதல். "நான் கீரைக்காரன். சோளம் போடணும்னா சோளக்காரனைக் கட்டியிருக்கணும் நீ."

"இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல, பாத்துக்கறேன்" என்று அவளும் வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் ஆட்டுக்காரம்மா வந்தாள். வாடி வதங்குகிற கீரையைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஆட்டை விடட்டுமா? வீணாப் போறதுக்கு" என்று கேட்டாள். அவ்வளவுதான், படுத்திருந்த மனிதர் வாசல் வரைக்கும் வந்துவிட்டார். "என் கீரையில ஆடா?" என்றார். குரல் உடைந்திருந்தது. ஆட்டுக்காரம்மா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி" என்றாள், போய்விட்டாள்.

பிடுங்கவும் மனசில்லை, மேயவிடவும் மனசில்லை. கொத்தமல்லி நின்றது நின்றபடி நின்றது. கீரையக்கா நாலு கோழி வாங்கி விட்டு, கிணற்றடியில் நாலு பூசணி ஊன்றிவிட்டு, தண்ணீரை மட்டும் ஒரு கடமைக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். கொத்தமல்லி இலை சிறுத்து, தண்டு நீண்டு, ஊசி ஊசியாகப் பிரிந்தது. "முத்திப்போச்சு" என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். முற்றின கீரைக்கு அவர்கள் தொழிலில் மரியாதை கிடையாது.

ஒரு நாள் காலையில் கோழிக்குத் தீனி போட வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வயல் முழுக்க வெள்ளை. பொடிப்பொடியாக, குடை குடையாக, குன்றின் அடிவரைக்கும் பூ. மேலே தேனீக்கள் மொய்த்து, நிலமே மெதுவாக முனகுவதுபோல் ஒரு சத்தம்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். "என்னங்க! சீக்கிரம் வாங்க!"

பாம்போ என்று பதறி, கையில் கிடைத்த துடைப்பத்தோடு ஓடிவந்தார் அவர். வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். துடைப்பம் கீழே இறங்கியது.

"இத்தனை வருஷம் போட்டிருக்கோம்" என்றார் அவர். "நான் இதைப் பாத்ததே இல்லம்மா. ஒரு ஓரத்துல, ஒண்ணு ரெண்டு தப்பிச்சது பூத்துப் பாத்திருக்கேன். வயல் பூத்துப் பாத்ததில்ல."

"எங்க பாக்கறது? அங்க ஒரு செடிக்காவது பூக்கற வயசு வர விட்டோமா? வேர் பிடிச்சா பிடுங்கிட்டு அடுத்ததைப் போட்டோம். அந்த நிலத்துக்குக் குடுத்த காசுக்கு அதைச் சும்மா நிக்க விட முடியுமா?"

இதைச் சொன்னதும் அவளுக்கே ஏதோ ஒன்று தட்டியது. இங்கே நிலம் சும்மா நிற்கலாம். இங்கே நிற்பதற்கு யாரும் காசு கேட்கப்போவதில்லை. அவள் ஒரு பூக்குடையை இழுத்துப் பார்த்தாள். நடுவில் பச்சைப் பச்சையாக மணி கட்ட ஆரம்பித்திருந்தது.

"நாம விதைக்கு எங்க போவோம்?" என்றாள்.

"விதைக் கடைக்குத்தான். எதுக்குக் கேக்கற?"

"அங்க குடுக்கற விதை எப்படி?"

"எப்படியா? பழசையும் புதுசையும் கலந்து குடுப்பான். பாதி முளைக்கும், பாதி மண்ணோட போகும். எத்தனை தடவை அவன்கூட மல்லுக்கு நின்னிருக்கேன்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பூவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மேலுதட்டை ஒரு தடவு தடவினார். அந்தக் கை மறுபடியும் அங்கே போனதைப் பார்த்ததும் கீரையக்காவுக்குப் பாதி உயிர் திரும்பியது.

"விதை வெந்து போகாது" என்றாள் அவள்.

"வெந்தா போகும்! சாக்குல கட்டி மூலையில போட்டா வருஷம் பூரா தூங்கும்" என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை அவள் கையில் திணித்துவிட்டு வரப்பில் இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் கால் வீட்டில் தங்கவில்லை. மணி பழுப்பேறத் தொடங்கியதும் வெயில் வருமுன் அறுத்தார்கள், வெயிலில் அறுத்தால் கொட்டிவிடும் என்று. தகரக் கூரையின் கீழ் தார்ப்பாய் விரித்து நிழலில் காயவைத்தார்கள். தடியால் மெதுவாகத் தட்டி, முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்தார்கள். சொத்தையும் சிறுத்ததும் ஒரு பக்கம், உருண்டு திரண்டது ஒரு பக்கம். ஒரு ஈரத் துணியில் கைப்பிடி விதையைப் பரப்பி, சுருட்டி, கிணற்றடி நிழலில் வைத்தார் வீட்டுக்காரர். தினமும் போய்ப் பிரித்துப் பார்ப்பார். தொட்டில் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். முளைத்த அன்றைக்குத் துணியோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அங்கங்கே ஒன்றிரண்டு தவிர எல்லாம் வாலை நீட்டியிருந்தது.

கீரையக்கா விதையை எடுத்துக்கொண்டு பேருந்திலேயே டவுனுக்குப் போனாள். வண்டி வேண்டியிருக்கவில்லை, தார்ப்பாய் வேண்டியிருக்கவில்லை, ஈரச் சாக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு துணிப்பை, மடியில். வயலில் பாதி அந்தப் பைக்குள் சத்தம் போடாமல் உட்கார்ந்துகொண்டு வந்தது. பேருந்து வழியில் எங்கேயோ நின்று வெகு நேரம் புறப்படவில்லை. எல்லாரும் ஓட்டுநரைத் திட்டினார்கள். அவள் மட்டும் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டாள்.

விதைக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விதையை உள்ளங்கையில் உருட்டினார். "உங்க வீட்டுக்காரர் இங்க வந்து என்னைத் திட்டாத மாசம் கிடையாது. இப்ப நீங்களே கொண்டாந்துட்டீங்களா?" என்றார்.

"முளைக்கலைன்னா நீங்க அங்க வந்து திட்டுங்க" என்றாள் கீரையக்கா.

அவர் கொஞ்சம் எடுத்து முளைக்கப் போட்டுப் பார்க்கிறேன் என்று வைத்துக்கொண்டார். மறுவாரம் அவரே போன் செய்தார். மீதியையும் அனுப்பச் சொன்னார். வெந்தயம் உண்டா, தண்டுக்கீரை உண்டா என்று கேட்டார். ஊர் விளிம்பில் புதிதாகக் கீரை போட ஆரம்பித்த பழைய கூட்டாளிகளும் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கட்டடம் துரத்தத் துரத்த அவர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எங்கே போனாலும் விதை வேண்டுமே.

எல்லாம் நல்லபடியாகப் போகிறதே என்று இருக்கும்போது ஒரு தகராறு வந்தது. அடுத்த பருவத்தில் வீட்டுக்காரர் தெம்பாகச் சிவப்புத் தண்டுக்கீரையையும் பச்சைத் தண்டுக்கீரையையும் பக்கம் பக்கமாகப் போட்டு விதைக்கு விட்டார். கறுத்து மின்னுகிற பொடி விதை, பார்க்க முத்து மாதிரி. வாங்கிப் போனவர்கள் விதைத்தார்கள். சிவப்பு என்று வாங்கியது பாதி பச்சையாக முளைத்தது. பச்சையில் செவ்வரி ஓடியது. விதைக் கடைக்காரர் போனில் கத்தினார். "கீரையக்கா, ஒரே கட்டுல ரெண்டு நிறம் வருதுன்னு எல்லாரும் என் கழுத்தைப் பிடிக்கறாங்க!"

வீட்டுக்காரர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று கீரையக்கா பயந்தாள். அவர் திரும்பவில்லை. கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். "காத்துல மகரந்தம் பறந்து ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கு. பக்கம் பக்கமா வெச்சது என் தப்பு. இதுங்களைத் தள்ளி வைக்கணும். நல்லாத் தள்ளி" என்றார். அப்படியே எழுந்து குன்றைத் தாண்டி நடந்தார்.

ஆட்டுக்காரம்மா பட்டிக்குள் ஒரு குட்டிக்குக் காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குன்றின் அந்தப் பக்கம் தண்ணீர் வசதியுள்ள ஒரு மூலை சும்மா கிடந்தது. அதில் சிவப்புத் தண்டுக்கீரையை விதைக்குப் போட முடியுமா, விதையில் பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார் அவர். பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்த கீரையக்கா, இவள் என்ன சொல்லுவாளோ என்று பார்த்தாள். என் கீரையில ஆடா என்று கேட்ட வாய்தானே இது?

ஆட்டுக்காரம்மா குட்டியைக் கீழே விட்டாள். கையைத் துடைத்தாள்.

"அறுத்தப்புறம் தாளு?" என்றாள்.

"மிச்சம் நிக்கற தண்டா? அது எதுக்கு?"

"ஆட்டுக்கு."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "எடுத்துக்குங்கம்மா. என் பக்கத்துத் தாளையும் சேத்து எடுத்துக்குங்க. மந்தையை அங்கயே ரெண்டு நாள் அடைச்சு வெச்சீங்கன்னா எனக்கு எரு வாங்கற வேலையும் மிச்சம்."

"சரி" என்றாள் ஆட்டுக்காரம்மா. அத்தோடு பேச்சுவார்த்தை முடிந்தது. திரும்பி வரும்போது கீரையக்கா, "இவ்வளவு பெரிய சமாசாரத்தை நாலு வார்த்தையில முடிச்சுட்டாங்களே. நம்ம வீட்டுல சோளம் போடறதா வேண்டாமான்னு ரெண்டு மாசம் ஓடுச்சு" என்றாள். அவர் கேட்காத மாதிரி நடந்தார்.

கலந்துபோன விதையை வீட்டுக்காரர் தானே திருப்பி வாங்கிக்கொண்டார். அதைக் கோழிக்குப் போட்டார், கொஞ்சம் சமையலுக்கு விதைத்துக்கொண்டார். கல்லூரி விடுமுறைக்கு வந்த மகள் அந்த இரண்டு நிறக் கீரையைத் தட்டில் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறதே, இதையே தனியாக விற்கலாமே என்றாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அவள் தட்டைக் காலி செய்வதில் இறங்கிவிட்டாள். ஆனால் மறுநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு குன்று ஏறி இரண்டு பக்கத்தையும் காட்டினார். இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் சிவப்பு, நடுவில் காற்றுக்கும் தேனீக்கும் எட்டாத மேடு.

"டவுன்ல இதைச் செய்யவே முடியாதுப்பா" என்றாள் மகள். "அங்க ரெண்டு பயிரையும் பிரிச்சு வைக்க எங்க இடம் இருக்கு?"

"அங்க நானும் உங்கம்மாவும் பிரிஞ்சு நிக்கவே இடம் இல்ல" என்றார் அவர். கீழே நின்ற கீரையக்காவுக்கு அது கேட்டுவிட்டது. "ஏன், இப்ப ஆசை வந்துடுச்சா?" என்று குரல் கொடுத்தாள். மேலே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்தப் பருவத்தில் சிவப்பு சிவப்பாகவே வந்தது, பச்சை பச்சையாகவே வந்தது. விதைக் கடைக்காரர் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், பை கட்டின முடிச்சு அவிழ்க்க முடியவில்லை என்று குறை சொன்னார். தம்பி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது ஒரு சின்ன மூட்டையை முன் சீட்டில் வைத்துக்கொண்டு போனான். "இதைப் போய் லோடுன்னு சொல்லவே வெக்கமா இருக்குக்கா" என்பான். கீரையக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

அறுவடை முடிந்த அன்றைக்கு மத்தியானம் மந்தை இறங்கியது. தாளும் உதிர்ந்த இலையுமாகக் கிடந்த வயலில் ஆடுகள் தலையைக் குனிந்துகொண்டு பரவின. முன்பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் அப்படியே தூங்கிப்போனார். விடியுமுன் எழுந்து ஓடியே பழகின மனிதர். பகலில் வாய் திறந்து குறட்டை விடுவதைக் கீரையக்கா அன்றுதான் பார்த்தாள். எழுப்பவில்லை. ஆட்டுக்காரம்மா வந்து படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேருமாகப் பூசணி விதைகளைக் கழுவிக் காகிதத்தில் பரப்பினார்கள்.

"அடுத்து?" என்றாள் ஆட்டுக்காரம்மா.

"வெந்தயம் போடலாம்னு சொல்றாரு. நான் முள்ளங்கி விதைக்கு விட்டுப் பாக்கலாமான்னு யோசிக்கறேன். உங்க பக்கம் கொஞ்சம் இடம் வேணும்."

"இருக்கு."

ஒரு ஆட்டுக்குட்டி கூட்டத்தைவிட்டு விலகி வந்து கட்டில் காலில் உடம்பைத் தேய்த்தது. கட்டில் ஆடியதில் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் திகைத்து, குட்டியைப் பார்த்தார். விரட்டவில்லை. அதன் காதைப் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டு, "ஏம்மா, டீ இருக்கா?" என்றார்.